சென்சார் பொய் சொல்லவில்லை, சகோதரி

கடிதத்தின் சுருக்கம்

காவிரிக் கடைமடையில் ஒரு கிராமத்திலிருந்து பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்பது அவர் விருப்பம். அப்பா 2011 பிப்ரவரியில் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார், நான்கு சிலிண்டர், 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அப்பா காலமாகி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. இப்போது ஆசிரியைதான் ஓட்டுகிறார். வாரத்தில் இரண்டு நாள் அம்மாவை டயாலிசிஸுக்குக் கும்பகோணம் அழைத்துப்போவதும் அந்த வண்டியில்தான்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, வண்டி நின்ற இடத்திலேயே நடுங்கியது. ஸ்டீயரிங்கில் வைத்த கை அதிர்ந்தது. பாலத்து ஏற்றத்தில் மூன்றாவது கியரில் இழுக்காமல் திணறியது. இஞ்சின் விளக்கு எரிந்தது. இருபது நிமிடம் ஓடிய பிறகு நடுக்கம் பாதியாகக் குறைந்தது. மறுநாள் காலை மீண்டும் அதே கதை. லிட்டருக்கு 15 கொடுத்த வண்டி 10க்கு இறங்கியது. பின்பக்கம் போனால் பெட்ரோல் வாடை.

முதல் பட்டறையில் ஸ்கேனர் போட்டார்கள். பி 0171 என்ற கோளாறு எண் (கோட்) வந்தது. "ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது" என்று சொல்லி, வேறு கம்பெனி சென்சார் ஒன்றை ஒயர் வெட்டி ஒட்டிப் பொருத்தினார்கள். 6,500 ரூபாய். பில் கிடையாது, பணம் மட்டும் செல்போன் வழியாகப் போயிருக்கிறது. விளக்கு நான்கு நாள் அணைந்திருந்து, ஐந்தாம் நாள் எரிந்தது. இரண்டாவது பட்டறையில் பி 0171 உடன் பி 0135 என்று புதிதாக ஒன்றும் வந்தது. இன்ஜெக்டரையும் (பெட்ரோல் பீய்ச்சும் குழல்) திராட்டிலையும் (காற்று நுழையும் வழி) சுத்தம் செய்து 3,200 வாங்கினார்கள். குணமில்லை. இப்போது "ஈசிஎம் (இஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டி) அடித்துவிட்டது, பழையது ஒன்று 28,000க்குக் கிடைக்கும்" என்கிறார்கள். "மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் எரியாமல் தவறுவது) இருந்தால் ஸ்கேனரில் தனியாகக் கோட் வந்திருக்கும், வரவில்லை, ஆகவே மிஸ்ஸிங் இல்லை" என்றும் சொல்லியிருக்கிறார்கள். அத்தானோ, எல்லாம் எத்தனால் பெட்ரோலின் வேலை, பதினைந்து வருடம் முடிந்தால் அரசாங்கம் ஓட்டவே விடாது, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடு என்கிறார்.

ஈசிஎம் மாற்றுவதா, விற்பதா, முதல் பட்டறையில் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

பதில்

சகோதரி, உங்கள் கடிதத்தில் நான் சிவப்பு மையால் கோடிட்டது ஈசிஎம் பற்றிய பக்கத்தில் இல்லை. நான்காம் பக்கத்து ஓரத்தில், "ஆடி மாதம் ஆயில் கசிகிறது என்று டேப்பெட் கவர் (இஞ்சின் தலையின் மேல்மூடி) பேக்கிங் மாற்றினோம், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான். சம்பந்தம் இருக்கும் என்றே எனக்குப் படுகிறது. இரண்டு பட்டறையிலும் அதை யாரும் உங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 9,700 ரூபாய் உங்கள் கையிலேயே இருந்திருக்கக் கூடும்.

வண்டியை நான் பார்க்கவில்லை. ஆகவே இதுதான் கோளாறு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கடைசிவரை தொடக்கூடாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்.

அந்தக் கோட் உண்மையில் என்ன சொல்கிறது

இஞ்சின் சும்மா நின்று ஓடும்போது நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, அதாவது நிமிடத்துக்கு 400 முறை பிளக் பொறி தட்டுகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சைலன்சர் குழாயில் உட்கார்ந்திருப்பதுதான் ஆக்சிஜன் சென்சார். புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும்; ஆக்சிஜன் தீர்ந்துபோயிருந்தால் 0.9 பக்கம் ஏறும். நல்ல சென்சார் இந்த இரண்டுக்கும் இடையே ஓயாமல் ஊஞ்சலாடிக்கொண்டிருக்கும்.

அது முகர்வது ஆக்சிஜனை மட்டும். பெட்ரோல் அதன் மூக்குக்குத் தெரியாது. கோளாறின் முடிச்சு இங்கேதான் விழுகிறது.

ஒரு சிலிண்டரில் பொறி விழவில்லை என்றால், அதற்குள் போன காற்றும் பெட்ரோலும் எரியாமல் அப்படியே சைலன்சருக்கு வந்துவிடும். அந்தக் காற்றில் உள்ள ஆக்சிஜன் முழுவதும் சென்சார் மேல் படும். சென்சார் என்ன சொல்லும்? "ஆக்சிஜன் மிஞ்சுகிறது, பெட்ரோல் போதவில்லை" என்று சொல்லும். அதை நம்பி ஈசிஎம் நான்கு சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டும். எரியாத சிலிண்டர் அப்போதும் எரியாது. நன்றாக எரிந்துகொண்டிருந்த மூன்றுக்கும் தேவைக்கு மேல் ஊற்றப்படும். மைலேஜ் விழும், பிளக்கில் கரி பிடிக்கும், பின்னால் பெட்ரோல் வாடை அடிக்கும். ஈசிஎம் கூட்டிக் கூட்டிப் பார்த்து, தன் எல்லையைத் தொட்டதும் விளக்கைப் போடும். பி 0171 என்பதன் பொருள் "கலவையில் பெட்ரோல் குறைவு" என்பது மட்டுமே. "சென்சாரை மாற்று" என்று அதில் எங்கும் எழுதவில்லை.

காற்றுக் குழாயில் விரிசல் இருந்தாலும் இதே கோட் வரும். பெட்ரோல் பம்ப் தளர்ந்தாலும் வரும். சென்சாருக்கு முன்னால் சைலன்சரில் ஓட்டை இருந்து வெளிக்காற்று நுழைந்தாலும் வரும். ஆனால் நிஜமாகவே பெட்ரோல் போதாமல் ஓடுகிற வண்டியில் பெட்ரோல் வாடை அடிக்காதே! மைலேஜும் 15இலிருந்து 10க்கு விழாது. உங்கள் மூக்கு சொன்ன சாட்சியை அந்தப் பட்டறைக்காரர்கள் பதிவு செய்துகொள்ளவே இல்லை.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். பட்டறை தொடங்கிய புதிதில் ஸ்கேனர் வாங்கிய பெருமையில், ஒரு மருந்துக்கடைக்காரர் வண்டிக்குச் சென்சார் மாற்றிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். அன்று இரவு பானெட்டைத் திறந்துவைத்து, பட்டறை விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, இஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன். இரண்டாவது பிளக் ஒயரிலிருந்து இஞ்சின் தலைக்கு நீலநிறத்தில் ஒரு நூல் துடித்துக்கொண்டிருந்தது. பிளக்கைக் கழற்றினால், வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. உள்ளே தட்ட வேண்டிய பொறி அந்தக் கோட்டின் வழியாக வெளியே இறங்கிக்கொண்டிருந்தது. சென்சார் பணத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். பீங்கானில் அந்தக் கோடு இருக்கிறதா என்று பார்க்காமல் இன்றுவரை எந்தச் சென்சாரையும் நான் கழற்றுவதில்லை.

"மிஸ்ஸிங் கோட் வரவில்லையே?"

இதை உங்களுக்குச் சொன்னவர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. புதிய வண்டிகளிலேயே கை பழகியவராக இருப்பார். நம் நாட்டில் கார்களின் தன்னாய்வு முறை இரண்டு கட்டமாக வந்தது. 2010 ஏப்ரலில் தொடங்கிய முதல் கட்டத்தில், சென்சார்களின் ஒயர் இணைப்பு அறுந்திருக்கிறதா என்பது போன்ற அடிப்படைச் சோதனைகள்தான் கட்டாயம். சிலிண்டர் எரியாமல் போவதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்பது 2013 ஏப்ரலில் வந்த இரண்டாம் கட்டத்தில்தான் கட்டாயமானது. பி 0300, பி 0301 என்று தொடங்கும் மிஸ்ஸிங் கோட்கள் 2011 வண்டியில் வராமலே போகலாம். அதைப் பார்க்கும் வேலையை அந்த ஈசிஎம்முக்கு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

புது வண்டிகளில் மிஸ்ஸிங் கடுமையானால் இஞ்சின் விளக்கு மின்னி மின்னி எச்சரிக்கும். உங்கள் வண்டியில் விளக்கு மின்னவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கையில் தெரியும் அதிர்வைத்தான் நம்ப வேண்டும்.

பி 0135 எங்கிருந்து வந்தது

இது பழைய கோளாறு அல்ல. முதல் பட்டறை போட்ட கோளாறு என்றே சந்தேகிக்கிறேன். ஆக்சிஜன் சென்சார் ஏறக்குறைய 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். சீக்கிரம் சூடேற அதற்குள்ளேயே ஒரு ஹீட்டர் இருக்கிறது. பி 0135 அந்த ஹீட்டரின் மின்சுற்றில் கோளாறு என்கிறது. முதல் ஸ்கேனில் இது இல்லை. ஒயரை வெட்டி ஒட்டிய பிறகு வந்திருக்கிறது. இன்சுலேஷன் டேப் சுற்றிய அந்த ஒட்டு, சைலன்சர் சூட்டிலும் சாலைத் தண்ணீரிலும் எத்தனை நாள் தாங்கும்? ஒட்டைப் பிரித்துப் பார்த்தால் செம்பில் பச்சைக் களிம்பு பூத்திருக்கலாம். ஹீட்டருக்குப் போகும் ஃபியூஸையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டும்போது ஒயர் வண்டியின் இரும்பு உடலில் பட்டு ஃபியூஸ் போயிருந்தால் அது இருபது ரூபாய்ச் செலவு.

ஆக, வண்டியில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. நடுக்கமும் மைலேஜும் ஒன்று. ஹீட்டர் இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் பார்த்ததால்தான் ஈசிஎம்மில் போய் நின்றிருக்கிறார்கள்.

எந்த வரிசையில் பார்ப்பது

முதலில், எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க வேண்டும். காலையில், குளிர்ந்த இஞ்சினை ஓடவிட்டு, இன்ஜெக்டர் சாக்கெட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். நல்ல சிலிண்டருடையதைக் கழற்றினால் நடுக்கம் கூடும். எதைக் கழற்றினால் ஒரு மாற்றமும் இல்லையோ, அதுதான் நோயாளி. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை இழுத்துப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டாம். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போகும். போக வழியில்லாத மின்சாரம் காயிலையோ, ஆளையோ, ஈசிஎம்மையோ தேடிப் போகும்.

அடுத்தது, நான் கோடிட்ட விஷயம். உங்கள் வண்டியின் இஞ்சின் தலையில் நான்கு ஆழமான குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு பிளக். அதன் மேல் ஒரு கைப்பிடி நீளத்துக்கு ரப்பர் குழலுடன் காயில். டேப்பெட் கவரின் வெளிச்சுற்றுக்கு ஒரு பேக்கிங் இருப்பது போல, இந்தக் குழிகள் ஒவ்வொன்றையும் சுற்றித் தனியாக வளைய ரப்பர் உண்டு. அவசரத்தில் வெளிப் பேக்கிங்கை மட்டும் மாற்றிவிட்டு, காய்ந்துபோன வளையங்களை அப்படியே விட்டுக் கவரை மூடுவது அடிக்கடி நடப்பதுதான். வெளியே கசிவு நிற்கும். உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல், ஆயில் பிளக் குழிக்குள் இறங்கும். ஆயிலில் ஊறிய ரப்பர் குழல் உப்பித் தளரும். அதன் மேல் மழைக் காலத்து ஈரமும் சேர்ந்தால், பொறிக்கு வெளியே ஓட வழி கிடைத்துவிடும்.

இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். ஆடியில் கவர் கழற்றினார்கள். ஐப்பசியில் நடுக்கம் வந்தது. ஈரக் காலையில் அதிகம், இஞ்சின் சூட்டில் ஈரம் காய்ந்ததும் பாதியாகிறது. தீபாவளிக்கு முதல்நாள் வாட்டர் வாஷ் கொடுத்த பிறகு மோசமானது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஏற்றத்தில் திணறுவதும் இதோடு பொருந்துகிறது. பாரம் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் பிளக் முனையைத் தாண்டப் பொறிக்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். உள்ளே தாண்டுவதைவிட ஈரத்தில் வெளியே ஓடுவது அதற்குச் சுலபம்.

காயிலைக் கழற்றும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். டார்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள். அடியில் பளபளவென்று ஆயிலோ, தண்ணீர் நின்று காய்ந்த துருவோ தெரிந்தால் விடை பாதி கிடைத்துவிட்டது. குழியைச் சுத்தம் செய்த பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை அழுக்கும் சிலிண்டருக்குள் விழும். பிளக் கடைசியாக மாற்றியது 2019இல் என்று பில்லைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். சாதாரண நிக்கல் பிளக்குக்கு 30,000, 40,000 கிலோமீட்டர் என்பது முழு ஆயுள். நான்கையும் மாற்றிவிடலாம்.

பிறகு காயில். மூன்றாவது சிலிண்டர்தான் நோயாளி என்றால், மூன்றாவது காயிலை ஒன்றாவதில் மாட்டிப் பாருங்கள். கோளாறும் கூடவே ஒன்றாவதற்குப் போனால் காயில்தான். போகாமல் மூன்றிலேயே நின்றால் காயில் குற்றமற்றது. இதற்கு ஒரு பைசா செலவில்லை. சந்தேகப்பட்ட பொருளைக் கடையில் வாங்கி மாட்டிப் பார்ப்பதைச் சோதனை என்று சொல்லும் பட்டறையில் இந்த யோசனையைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பிளக்கும் காயிலும் சரியாக இருந்தும் அதே சிலிண்டர் எரியவில்லை என்றால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்க வேண்டும். இவ்வகை இஞ்சினில் 150 பிஎஸ்ஐக்குக் குறையாமல் இருந்தால் திருப்தி. அதைவிட முக்கியம் நான்குக்கும் இடையே வித்தியாசம் பெரிதாக இல்லாமல் இருப்பது. ஒன்று மட்டும் மிகவும் இறங்கியிருந்தால் அதில் ஒரு கரண்டி இஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்வு, ஏறாவிட்டால் வால்வு. அந்த நிலைமை வந்தால் மட்டுமே விற்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

காற்றுக் கசிவையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். ஸ்கேனரில் பெட்ரோல் திருத்த அளவு ஓடிக்கொண்டிருக்கும். சும்மா நிற்கும்போது அது உச்சத்தில் இருந்து, 2,500 சுற்றில் இயல்புக்கு இறங்கினால் எங்கோ குழாயில் விரிசல். வண்டியை மாட்டுத் தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிறுத்துவதாக எழுதியிருப்பதால் சொல்கிறேன்: எலி கடித்த குழாயையும் ஒயரையும் தேடச் சொல்லுங்கள். எங்கள் பட்டறைக்கு மார்கழி, தை மாதங்களில் எலிதான் பெரிய வாடிக்கையாளர்.

ஈசிஎம்முக்கு வருவோம்

ஈசிஎம் கெடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பட்டியலின் கடைசி வரி. "மின்சாரம், எர்த் இரண்டும் ஈசிஎம் சாக்கெட்டில் சரியாக வருகிறதா? காயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் சிக்னல் வெளியே போகிறதா? எதை வைத்து அளந்தீர்கள், என்ன அளவு வந்தது?" என்று கேளுங்கள். அளவு சொன்னால் தொடர்ந்து பேசலாம். "அனுபவத்தில் தெரியும்" என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். போதாததற்கு, பழைய ஈசிஎம் வாங்கி மாட்டினால் திருட்டுத் தடுப்பு உள்ள வண்டியில் உங்கள் சாவியை அது ஏற்காமல் போகலாம். அதற்கு மேலும் ஒரு செலவு வரும்.

எத்தனால் விஷயத்தில் உங்கள் அத்தான் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2011 வண்டியின் ரப்பர் குழாய்களும் சீல்களும் இருபது சதவீத எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மைலேஜ் ஓரளவு குறையவே செய்யும். குழாய்களில் வெடிப்பு, கசிவு இருக்கிறதா என்று வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நான்கு சிலிண்டரும் குடிப்பது ஒரே டாங்க் பெட்ரோல். அதில் ஒன்று மட்டும் படுத்துக்கொண்டால் பழியைப் பெட்ரோல் மேல் போடுவது நியாயமில்லை.

அதுவரை ஓட்டலாமா?

வேண்டாம். அம்மாவின் டயாலிசிஸ் நாட்களுக்கு வாடகைக் கார் பேசிக்கொள்ளுங்கள். கும்பகோணம் போகும் வழியில், சிகிச்சை முடிந்து சோர்ந்திருக்கும் அம்மாவோடு சாலையோரம் நிற்பது உங்களுக்குத் தேவையில்லாத சோதனை.

வேறொரு காரணமும் உண்டு. எரியாத பெட்ரோல் சைலன்சரில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அதன் உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். பிறகு வண்டி ஏற்றத்தில் மட்டுமல்ல, சமதரையிலும் இழுக்காது. நாம் இதுவரை பேசிய பிளக், காயில், பேக்கிங் மூன்றின் விலையையும் சேர்த்தாலும் கன்வெர்ட்டரின் விலைக்குப் பக்கத்தில் வராது. இது தை மாதம். உங்கள் பகுதியில் சம்பா அறுவடை நடக்கிறது. சாலையில் வைக்கோல் பரப்பியிருப்பார்கள். இயல்பாக ஓடும் வண்டியின் அடியிலேயே வைக்கோல் சுற்றித் தீப்பிடிப்பதுண்டு. கொதிக்கும் கன்வெர்ட்டரோடு அதன் மேல் ஏறுவதும், காய்ந்த புல்லில் நிறுத்துவதும் வேண்டவே வேண்டாம்.

பணமும் உரிமையும்

இரண்டாவது பட்டறையில் பணம் திரும்பக் கிடைக்கும் என்று நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தார்கள், சுத்தமாயிற்று. குணமாகவில்லை என்பதாலேயே அது சேவைக் குறைபாடாகிவிடாது.

முதல் பட்டறையில் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. அவர்கள் கை வைத்த இடத்தில் முன்பு இல்லாத ஒரு கோட் வந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலைக்குப் பில் கொடுக்காமல் இருப்பது முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்று. பணம் அனுப்பிய பதிவு உங்கள் செல்போனில் இருக்கிறது. எடுத்த எடுப்பில் சட்டத்தை நீட்டாதீர்கள். நேரில் போய், இரண்டு ஸ்கேன் சீட்டையும் பக்கம் பக்கமாக வைத்து, "ஒட்டைப் பிரித்து, சரியான சாக்கெட்டுடன் திருத்திக் கொடுங்கள், பில்லும் கொடுங்கள், கழற்றிய பழைய சென்சாரையும் கொடுங்கள்" என்று கேளுங்கள். அந்தப் பழைய சென்சார் இன்னும் நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். திரும்ப மாட்டிக்கொள்ளவும் கூடும். பெரும்பாலான பட்டறைக்காரர்கள் இந்த அளவுக்கு இறங்கி வருவார்கள். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 6,500 ரூபாய்க்காக எத்தனை நாள் பள்ளிக்கு விடுப்புப் போடுவது என்பதை நீங்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

பதினைந்து வருடம் முடிந்தால்?

பதினைந்து வருடப் பெட்ரோல் வண்டிக்கு வந்த தடை டெல்லியையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் பற்றியது. தமிழ்நாட்டில் வயதை மட்டும் காட்டி உங்கள் காரை யாரும் நிறுத்த முடியாது. ஆர்.சி. என்ற பதிவுச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்ட வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். பசுமை வரியும் உண்டு. புதுப்பித்த ஆர்.சி. ஐந்து ஆண்டுக்குச் செல்லும்.

புகைச் சான்றிதழும் வேண்டுமல்லவா? மிஸ்ஸிங்கோடு போனால் எரியாத பெட்ரோல் ஹைட்ரோகார்பன் அளவில் அப்படியே தெரிந்துவிடும். பதினைந்து வருடம் முடியும் பிப்ரவரி நெருங்கிவிட்டதால் முதலில் இஞ்சின், பிறகு புகைச் சோதனை, பிறகு ஆர்.சி. என்று வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. ஆர்.சி. இன்னும் அப்பா பெயரிலேயே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு அது தாண்டிவிட்டது. தாமதத்துக்கான கட்டணத்தைக் கட்டி, படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றோடு மாற்றிவிடுங்கள். இன்சூரன்ஸையும் கூடவே மாற்றுங்கள். விபத்து என்று ஒன்று வந்துவிட்டால் இழப்பீட்டில் சிக்கல் முளைப்பது இந்த இடத்தில்தான். ஈசிஎம்மைவிட இது எனக்குப் பெரிய கவலை.

செலவு எவ்வளவு ஆகும்? நான்கு பிளக், டேப்பெட் கவரின் வளைய ரப்பர்கள், கூலி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,500 ரூபாய். காயில் ஒன்று போயிருந்தால் அதற்கு மேல் 2,000 முதல் 3,000 வரை. இதைச் செய்யாமல் விற்கப் போனால், வாங்க வருபவர் நடுக்கத்தைக் காட்டியே முப்பதாயிரம் குறைத்துக் கேட்பார். விற்பதாக இருந்தாலும் சரிசெய்துவிட்டே விற்றுவிடுங்கள்.

பிளக் கழற்றும் நாளில் ஒரு வெள்ளைத் தாள் கொண்டுபோங்கள். 1, 2, 3, 4 என்று எழுதி, எந்தச் சிலிண்டரிலிருந்து வந்ததோ அந்த எண்ணுக்கு நேராகப் பிளக்கை வையுங்கள்; பக்கத்தில் அதனதன் காயில் குழல். பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மூன்று கறுப்பாகக் காய்ந்தும் ஒன்று மட்டும் பெட்ரோலில் நனைந்தும் இருந்தால், அந்த நனைந்த பிளக்கின் பீங்கானை மட்டும் தனியே கிட்டத்தில் இன்னொரு படம் எடுங்கள்.